பத்தொன்பது நாள் இடைவெளி: கலிஃபோர்னியாவில் லோ வோல்டேஜ் லைசன்ஸ் புதுப்பிப்பு

மே 19 காலை, மனைவியின் தம்பி போன் செய்தான். "மாமா, நம்ம லைசன்ஸ் எக்ஸ்பையர்டுன்னு காட்டுதாம். ஜெனரல் கான்ட்ராக்டர் ஆபீஸ்ல இருந்து மெயில் வந்திருக்கு. பாதி வேலை முடிஞ்சிருக்கே, இப்ப என்ன பண்றது?"

அவன் சான் ஹோசே பக்கம் சிறிய அளவில் கேபிளிங் தொழில் செய்கிறான். அலுவலகங்களுக்கு நெட்வொர்க் கேபிள் இழுப்பது, கேமரா மாட்டுவது, கடைகளுக்கு ஸ்பீக்கர் பொருத்துவது என்று போகும் வேலை. கூட இரண்டு பேர். காகித வேலைகளை மாலையில் நான் பார்த்துக்கொடுப்பேன். அன்று ஒரு பல் மருத்துவமனையில் 24 இடங்களுக்கு கேட்-6 கேபிள் இழுக்கும் வேலை நடந்துகொண்டிருந்தது. சீலிங் பலகைகளை எல்லாம் கழற்றி வைத்திருந்தார்கள். நான் சொன்ன முதல் வார்த்தை: "வேலையை நிறுத்து. கருவிகளை வண்டியில் ஏற்று. அப்புறம் பேசலாம்."

கான்ட்ராக்டர்களுக்கு உரிமம் கொடுக்கும் மாநில வாரியத்தின் இணையதளத்தில் உரிம எண்ணைப் போட்டுப் பார்த்தேன். உண்மைதான். ஏப்ரல் 30ஆம் தேதியோடு முடிந்திருந்தது. அதற்கு ஏழு மாதம் முன்பு அலுவலகத்தை அதே தெருவில் வேறு கட்டடத்துக்கு மாற்றியிருந்தோம். வங்கிக்கும் காப்பீட்டுக்கும் முகவரி மாற்றம் சொன்னோம். வாரியத்துக்குச் சொல்லவில்லை. புதுப்பிப்புப் படிவம் பழைய முகவரிக்குப் போயிருக்கிறது. முகவரி மாறினால் 90 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்பது விதி. தவறு எங்களுடையதுதான்.

இந்தக் கட்டுரை அந்தப் பத்தொன்பது நாளைப் பற்றியது. கட்டணம் கட்டினால் முடிந்துவிடும் சடங்கு என்று நினைத்திருந்த ஒரு விஷயத்துக்கு அடியில் எவ்வளவு பெரிய பள்ளம் இருக்கிறது என்று அன்றுதான் எனக்குப் புரிந்தது. இதே தொழிலில் இருக்கும் சின்ன கான்ட்ராக்டர்கள் பலருக்கும் இது தெரியவில்லை என்பதால் எழுதுகிறேன்.

முதலில் ஒரு சொல் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். தமிழ்நாட்டில் 'எல்.டி. லைன்' என்றால் தெருக்கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் 230 வோல்ட், 400 வோல்ட் மின்சாரம். இந்தியாவின் பழைய 1956 மின்சார விதிகளே 250 வோல்ட் வரை தாழ்வழுத்தம் என்றுதான் சொல்லின. தொட்டால் ஆளைக் கொல்லும் மின்சாரம் அது. அமெரிக்கக் கட்டடத் தொழிலில் லோ வோல்டேஜ் என்றால் அது அல்ல. டெலிபோன், நெட்வொர்க், கேமரா, ஒலிபெருக்கி, ஏசியைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் கம்பி, தோட்டத்தில் மினுங்கும் சின்ன விளக்கு, இந்த வகையறா. ஊரிலிருந்து புதிதாக வந்து இந்தத் தொழிலில் இறங்குகிறவர்கள் இந்த இடத்தில் தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன்.

கலிஃபோர்னியாவில் இந்த வேலைக்கான உரிமத்துக்குப் பெயர் சி-7. கொடுப்பது சாக்ரமென்டோவில் இருக்கும் மாநிலக் கான்ட்ராக்டர் உரிம வாரியம், 1929இல் தொடங்கப்பட்டது. சி-7 வைத்திருப்பவர் 91 வோல்ட்டைத் தாண்டாத, ஆற்றல் மட்டுப்படுத்தப்பட்ட அமைப்புகளை நிறுவலாம், பழுது பார்க்கலாம். 91 என்ற எண் விநோதமாகத் தெரியும். பழைய டெலிபோன் கம்பியில் சும்மா இருக்கும்போது 48 வோல்ட், மணி அடிக்கும்போது சுமார் 90 வோல்ட் ஓடும் என்பதை வைத்துப் பார்த்தால், டெலிபோன் வேலை முழுவதும் இந்தக் கோட்டுக்குள் அடங்கிவிடுகிறது.

தீ எச்சரிக்கை அமைப்பு மட்டும் இதில் கிடையாது. அதன் வோல்டேஜ் எவ்வளவு குறைவாக இருந்தாலும், பெயர் சொல்லியே சி-7இலிருந்து அதை விலக்கியிருக்கிறார்கள். அதற்கு சி-10 என்னும் முழு எலக்ட்ரிகல் கான்ட்ராக்டர் வேண்டும். திருட்டு அலாரம் நிறுவனங்களுக்கு வேறு ஒரு துறையின் கீழ் தனி உரிமம் இருக்கிறது. "எல்லாமே சின்ன கம்பிதானே" என்று தீ எச்சரிக்கையில் கை வைத்தால் உங்களிடம் உரிமம் இருந்தும் இல்லாத கதைதான்.

இந்த உரிமத்தை முதல்முறை வாங்குவது லேசான காரியம் இல்லை. கடந்த பத்து ஆண்டுக்குள் குறைந்தது நான்கு ஆண்டு, ஒரு முழுத் தேர்ச்சி பெற்ற தொழிலாளியின் நிலையில் வேலை செய்த அனுபவம் காட்ட வேண்டும். சட்டமும் வணிகமும் ஒரு தேர்வு, தொழில் ஒரு தேர்வு. கைரேகை. 25,000 டாலர் பாண்டு. 2023 ஜனவரிக்கு முன்பு அது 15,000 ஆக இருந்தது. பாண்டு என்றால் பணத்தைக் கட்டி வைப்பதில்லை. ஒரு காப்பீட்டு நிறுவனம் உங்களுக்காக உத்தரவாதம் நிற்கிறது, அதற்கு ஆண்டுக்கு ஒரு தொகை கட்டுகிறீர்கள்.

வாங்குவதோடு ஒப்பிட்டால் புதுப்பிப்பது ஒன்றுமே இல்லை போலத் தெரியும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை. தனி உரிமையாளருக்கு 450 டாலர், நிறுவனமாகப் பதிந்தவருக்கு 700 டாலர். முடிவதற்குச் சுமார் இரண்டு மாதம் முன்பு படிவம் வரும். இணையத்திலும் செய்யலாம். மறுதேர்வு இல்லை, வகுப்பு இல்லை. இந்த எளிமைதான் ஆளைக் கவிழ்க்கிறது.

படிவம் கேட்பதைக் கவனியுங்கள். உங்களுக்குக் கேபிள் இழுக்கத் தெரியுமா என்று அது கேட்பதே இல்லை. கையெழுத்துப் போடும் ஆள் உரிமத்தில் பெயர் இருக்கும் ஆள்தானா, பதிவில் இருக்கும் பெயரும் முகவரியும் சரியா, தொழிலாளர் காப்பீடு இருக்கிறதா அல்லது வேலையாட்களே இல்லை என்று உறுதி சொல்கிறீர்களா என்பதைத்தான் பார்க்கிறது. இதெல்லாம் ஒரே கேள்வியின் பல பக்கங்கள். நாளைக்கு ஏதாவது தப்பாகப் போனால் பதில் சொல்ல ஒரு ஆள், ஒரு முகவரி, ஒரு தொகை இருக்கிறதா என்பதுதான் அந்தக் கேள்வி.

நிறுவனமாக இருந்தால் இந்தக் கையெழுத்து விஷயம் இன்னும் சிக்கல். உரிமம் நிறுவனத்தின் பெயரில் இருந்தாலும், அனுபவத்தைக் காட்டித் தேர்வு எழுதியவர் ஒரு மனிதர். அவரைத் தொழிலில் குவாலிஃபையர் என்பார்கள். சில இடங்களில் அவர் பங்குதாரர், சில இடங்களில் சம்பளக்காரர். சம்பளக்காரர் என்றால் பெயருக்கு இருந்தால் போதாது. வாரம் 32 மணி நேரமோ, நிறுவனம் இயங்கும் நேரத்தில் 80 சதவீதமோ, இரண்டில் எது குறைவோ அந்த அளவுக்கு உண்மையாகவே வேலை செய்ய வேண்டும். அவர் விலகிப்போனால் 90 நாளுக்குள் வேறொருவரைக் காட்டாவிட்டால் உரிமம் தானாக இடைநிறுத்தமாகும். புதுப்பிப்புப் படிவத்தில் அவருடைய கையெழுத்தும் வேண்டும். மனஸ்தாபத்தில் வேலையை விட்டுப்போன குவாலிஃபையரின் வீட்டு வாசலில் கடைசி வாரத்தில் படிவத்தோடு நிற்பதை விடச் சங்கடம் இந்தத் தொழிலில் வேறு இல்லை.

உரிமத்தின் தேதி சரியாக இருந்தும் அது செத்துப்போவதற்கு வேறு வழிகளும் உண்டு. பாண்டு ரத்தானால் இடைநிறுத்தம். தொழிலாளர் காப்பீடு விட்டுப்போனால் இடைநிறுத்தம். தொழில் சம்பந்தமாக ஒரு நீதிமன்றத் தீர்ப்பின்படி கட்ட வேண்டிய பணத்தைக் கட்டாவிட்டாலும் அதேதான். நிறுவனம் மாநில வரியைக் கட்டாமல் விட்டால் அந்த வழியாகவும் வந்து சேரும். அட்டை பர்ஸில் இருக்கும், அதில் தேதியும் நன்றாகவே இருக்கும்; இணையதளத்தில் மட்டும் 'சஸ்பெண்டட்' என்று இருக்கும்.

சரி, ஒரு சில வாரம் விட்டுப்போனால் என்ன? தாமதக் கட்டணம்தானே? அதுவும் உண்டு. அசல் கட்டணத்தில் பாதி கூடுதலாகக் கட்ட வேண்டும். தனி உரிமையாளருக்கு 450, 675 ஆகும். ஆனால் வலி அங்கே இல்லை.

கலிஃபோர்னியாவின் வணிக, தொழில் சட்டத் தொகுப்பில் 7031 என்று ஒரு பிரிவு இருக்கிறது. இந்த மாநிலத்தில் கான்ட்ராக்ட் எடுக்கும் ஒவ்வொருவரும் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டிய எண் அது. வேலை நடந்த காலம் முழுவதும் செல்லுபடியாகும் உரிமம் இல்லாதவர், செய்த வேலைக்குக் கூலி கேட்டு வழக்குப் போட முடியாது என்கிறது அந்தப் பிரிவு. வேலை நன்றாக இருந்ததா, வாடிக்கையாளர் திருப்தியாக இருந்தாரா என்பதெல்லாம் பேச்சே இல்லை. 2001இல் சட்டமன்றம் இன்னொரு பல்லையும் கட்டிவிட்டது: வாடிக்கையாளர் ஏற்கெனவே கொடுத்த பணத்தையும் திருப்பிக் கேட்கலாம். முழுவதையும். கேபிளும் சுவிட்சும் கேமராவும் வாங்கிய செலவைக்கூடக் கழித்துக்கொள்ள முடியாது. உரிமம் இல்லை என்று தெரிந்தே வேலை கொடுத்திருந்தாலும் வாடிக்கையாளரின் அந்த உரிமை போகாது என்று ஒரு தோட்ட அமைப்பு வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2010இல் சொன்னது.

நீதிமன்றங்கள் எப்போதும் இவ்வளவு கறாராக இருந்ததில்லை. 1966இல் லாட்டிபேக் என்ற நிறுவனத்தின் வழக்கு கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. அது எங்கள் கதையேதான். ஒப்பந்தம் போட்டபோது உரிமம் இருந்தது. நடுவில், புதுப்பிப்பை அனுப்ப வேண்டிய அலுவலக மேலாளர் அனுப்பாமல் விட்டுவிட்டார். அதே ஆட்கள், அதே தகுதி. சட்டத்தின் நோக்கம் பெரும்பாலும் நிறைவேறியிருக்கிறது என்று நீதிமன்றம் நிறுவனத்தின் பக்கம் நின்றது. இந்த இரக்கம் அடுத்தடுத்த வழக்குகளில் விரிந்துகொண்டே போனது. பொறுக்காத சட்டமன்றம் 1989இல் அந்தக் கதவை அடைத்தது. 1991இல் ஒரு சின்ன ஜன்னலை மட்டும் திறந்துவிட்டது: முன்பு முறையாக உரிமம் வைத்திருந்திருக்க வேண்டும், அதைக் காப்பாற்ற நியாயமாக முயன்றிருக்க வேண்டும், விட்டுப்போனது தெரிந்ததும் உடனே சரிசெய்திருக்க வேண்டும். இந்த மூன்றையும் நிரூபிக்கும் சுமை கான்ட்ராக்டர் தலையில்.

அதே 1991இல் நியூயார்க் நிறுவனம் ஒன்றின் வழக்கும் முடிந்தது. பாம் ஸ்பிரிங்ஸில் ஒரு நீர்ப் பூங்காவுக்கு அலைக்குளம் அமைத்துக் கொடுத்தது அந்த நிறுவனம், கலிஃபோர்னியா உரிமம் இல்லாமல். பணம் தருவதாக ஆசை காட்டி ஏமாற்றினார்கள் என்று அது முறையிட்டது. அப்படியே இருந்தாலும் வசூலிக்க முடியாது என்றது உச்ச நீதிமன்றம். 2005இல் எம்.டபிள்யூ. இரெக்டர்ஸ் வழக்கில் இன்னும் ஒரு படி மேலே போனது. ஒரு ஹோட்டலுக்கு எஃகு வேலை எடுத்த அந்த நிறுவனத்துக்கு வேலை தொடங்கியபோது உரிமம் இல்லை, சில வாரங்களில் வந்துவிட்டது. உரிமம் வந்தபிறகு செய்த வேலைக்காவது கூலி உண்டா? இல்லை. வேலை நடந்த காலத்தில் ஒரு கட்டத்தில் உரிமம் இல்லாமல் போனாலும் அந்த ஒப்பந்தத்தின்கீழ் எதையும் கேட்க முடியாது என்பது தீர்ப்பு.

இதைப் படித்துவிட்டு எங்கள் பல் மருத்துவமனை வேலையை நினைத்துப் பாருங்கள். இடைவெளி 19 நாள். ஆனால் ஆபத்தில் நின்றது 19 நாள் கூலி அல்ல, அந்த ஒப்பந்தத்தின் முழுத் தொகை. ஏப்ரலில் தொடங்கி மே மாதத்துக்குள் நீண்ட இன்னொரு கடையின் கேமரா வேலையும் சேர்த்து. இது போக, உரிமம் இல்லாமல் வேலை எடுப்பது குற்றமும்கூட. முதல்முறைக்கு ஆறு மாதம் வரை சிறை, 5,000 டாலர் வரை அபராதம் என்று சட்டத்தில் இருக்கிறது.

எங்களைக் காப்பாற்றியது ஒரே ஒரு விதி. உரிமம் முடிந்த நாளிலிருந்து 90 நாளுக்குள் குறையில்லாத விண்ணப்பமும் தாமதக் கட்டணமும் போய்ச் சேர்ந்தால், முடிந்த தேதியிலிருந்தே கணக்கிட்டு வாரியம் உரிமத்தைப் புதுப்பித்துத் தர வேண்டும். இடைவெளியே இல்லாதது போல ஆகிவிடும். முன்பெல்லாம் கைமீறிய காரணம் இருந்தது என்று காட்ட வேண்டியிருந்தது. இப்போது அது தேவையில்லை. ஆனால் 'குறையில்லாத' என்ற சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. ஒரு கையெழுத்து விட்டுப்போய்ப் படிவம் திரும்பி வந்தால், திருத்தி அனுப்புவதற்குள் 90 நாள் ஓடிவிடலாம். 91ஆவது நாளில் போய்ச் சேர்ந்தால் உரிமம் கிடைக்கும், ஆனால் அந்த நாளிலிருந்துதான். நடுவில் இருக்கும் ஓட்டை நிரந்தரம். ஐந்து ஆண்டு வரை இப்படித் தாமதமாகப் புதுப்பிக்கலாம். அதற்கும் மேல் போனால் முதலிலிருந்து விண்ணப்பம்.

கொஞ்ச காலம் தொழில் செய்யப் போவதில்லை என்றால் காலாவதியாக விடாதீர்கள். செயல்படா நிலைக்கு மாற்றிவிடலாம். நான்கு ஆண்டுக்கு ஒருமுறை குறைந்த கட்டணம், பாண்டும் வேண்டாம். வேலை எடுக்கவோ விலை கொடுக்கவோ கூடாது, அவ்வளவுதான். ஊருக்குப் போய் அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஓராண்டு தங்க நினைக்கும் ஒருவருக்கு இது பெரிய உதவி.

இவ்வளவு கறாரான ஏற்பாட்டில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. கலிஃபோர்னியா சி-7ஐப் புதுப்பிக்கத் தொடர்கல்வி கேட்பதில்லை. வாஷிங்டன் மாநிலத்தில் லோ வோல்டேஜ் வேலை செய்யும் 'லிமிடெட் எனர்ஜி' பிரிவு எலக்ட்ரீஷியன், மூன்று ஆண்டுக்கு 24 மணி நேரம் வகுப்பில் உட்கார வேண்டும். அதில் 8 மணி நேரமாவது மின்விதித் தொகுப்பில் வந்த மாற்றங்களுக்கு. ஃபுளோரிடாவில் மாநிலச் சான்று பெற்ற மின் கான்ட்ராக்டர்களுக்கு இரட்டைப்படை ஆண்டுகளில் ஆகஸ்ட் 31 கெடு. அங்கும் வகுப்பு உண்டு. கலிஃபோர்னியாவில் 1998இல் தேர்வு எழுதிய ஒருவர், டெலிபோன் ஜாக்கும் கோஆக்சியல் கேமராவும் மட்டுமே தெரிந்தவராக இருந்தாலும், இன்றுவரை கட்டணம் கட்டிக்கொண்டே வரலாம். சி-10 கான்ட்ராக்டரிடம் வேலை செய்யும் எலக்ட்ரீஷியன்களுக்கு மாநிலச் சான்றிதழ் கட்டாயம். சி-7 வரம்புக்குள் வேலை செய்பவர்களுக்கு அதுவும் இல்லை. ஆக, மொத்த அறிவும் அந்த ஒரு குவாலிஃபையரின் தலையில் இருக்க வேண்டியிருக்கிறது.

இது ஏன் முக்கியம் என்றால், அந்தக் கம்பிக்குள் ஓடுவது மாறிவிட்டது. நெட்வொர்க் கேபிள் வழியாகவே மின்சாரம் அனுப்பும் முறை 2003இல் தரப்படுத்தப்பட்டபோது ஒரு கேபிளுக்கு 15.4 வாட். 2018இல் வந்த தரத்தில் 90 வாட். வோல்டேஜ் அப்போதும் இப்போதும் ஐம்பதை ஒட்டித்தான், 91க்குள் வசதியாக உட்காருகிறது. கரண்ட்தான் ஏறியிருக்கிறது. ஐம்பது, நூறு கேபிளை ஒன்றாக இறுக்கிக் கட்டி, காற்றே புகாத குழாயில் திணித்தால் நடுவில் இருக்கும் கேபிள் சூடாகும். இதற்காகவே 2017 தேசிய மின்விதித் தொகுப்பில் ஒரு கட்டுக்குள் எத்தனை கேபிள், எவ்வளவு கரண்ட் என்று அட்டவணை சேர்த்தார்கள். அழகாக இருக்கட்டும் என்று பிளாஸ்டிக் பட்டியால் கழுத்தை நெரிப்பது போல இறுக்கிக் கட்டும் பழக்கம் இன்னும் போகவில்லை. எங்கள் பையன்களிடம் நானே பார்த்திருக்கிறேன். இப்போது வெல்க்ரோ பட்டிதான் வாங்கித் தருகிறோம். 2023 தொகுப்பில் 'கிளாஸ் 4' என்று இன்னொரு மின்சுற்று வகை வந்திருக்கிறது. 450 வோல்ட் வரை போகும். ஆனால் பழுது என்று உணர்ந்த உடனே தன்னைத்தானே துண்டித்துக்கொள்ளும். டேட்டா கேபிள் ஆட்கள் இழுக்கிற மாதிரியே இருக்கும், ஆனால் 91 வோல்ட் வரையறைப்படி சி-7 கைக்கு வராது. வோல்டேஜை வைத்து மட்டும் கோடு போட்ட உரிமத்துக்கு இதெல்லாம் புதுச் சோதனை. ஆண்டுக்கு நாலு மணி நேர வகுப்பாவது வைத்தால் என்னைப் போன்றவர்கள் முணுமுணுக்காமல் போய் உட்காருவோம்.

வீட்டுக்குக் கேமரா மாட்ட ஆள் தேடுபவர்களுக்கும் ஒரு வார்த்தை. கூலி, பொருள் எல்லாம் சேர்த்து 1,000 டாலருக்குள் முடியும், பெர்மிட் தேவைப்படாத, துணையாள் வைக்காமல் செய்யும் வேலைக்கு உரிமம் கட்டாயமில்லை. 2025 ஜனவரி வரை அந்த வரம்பு 500 டாலர். அதற்கு மேல் என்றால் வாரியத்தின் இணையதளத்தில் எண்ணைப் போட்டுப் பாருங்கள். பிரிவு சி-7 அல்லது சி-10 என்று இருக்கிறதா, முடியும் தேதி என்ன, பாண்டு இருக்கிறதா, தொழிலாளர் காப்பீட்டு இடத்தில் 'விலக்கு' என்று போட்டிருந்து வீட்டுக்கு மூன்று பேர் வந்து நிற்கிறார்களா, இதெல்லாம் ஒரே பக்கத்தில் தெரியும். உங்கள் வீட்டு ஏணியிலிருந்து ஒருவர் விழுந்தால் அந்த 'விலக்கு' என்ற சொல் உங்கள் பிரச்சினையாகவும் ஆகலாம். எல்லா கான்ட்ராக்டர்களும் வேலையாள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் காப்பீடு எடுக்க வேண்டும் என்ற சட்டம் 2028 ஜனவரிக்குத் தள்ளிப்போயிருக்கிறது.

எங்கள் கதைக்கு வருகிறேன். அன்று மதியமே முகவரி மாற்றத்தைப் பதிந்தோம். 675 டாலர் கட்டி விண்ணப்பத்தை அனுப்பினோம். மச்சான் பல் மருத்துவமனைக்கு நேரில் போய் மறைக்காமல் விஷயத்தைச் சொன்னான். டாக்டரம்மா கேட்டது ஒன்றுதான்: "திங்கள்கிழமை நோயாளிகள் வருவார்கள், சீலிங்கை மூடிக் கொடுப்பீர்களா?" உரிமம் இல்லாத நிலையில் மேற்கொண்டு வேலை செய்யக் கூடாது என்பதால், கட்டடப் பராமரிப்பு ஆட்களே வந்து பலகைகளை மாட்டினார்கள். அந்தக் கூலியை நாங்கள் கொடுத்தோம்.

சில நாள் கழித்து இணையதளத்தில் 'கரன்ட் அண்ட் ஆக்டிவ்' என்று வந்தது. இடைவெளி இல்லாமல், ஏப்ரல் 30இலிருந்தே. அந்தப் பக்கத்தை அச்செடுத்து வேலைக் கோப்பில் வைத்துவிட்டு, மறுநாள் காலை ஏழு மணிக்கு அவன் மறுபடி சீலிங் பலகையைக் கழற்றினான். இப்போதெல்லாம் மாதத்தின் முதல் நாள் காலை காபியோடு உரிம எண்ணைப் போட்டு நிலவரத்தைப் பார்த்துவிடுகிறேன். பார்க்க அரை நிமிஷம்கூட ஆவதில்லை.